பட்டு நூலும் புற்றுநோய் மருந்தும்

நோயைத் தீர்ப்பது மருந்து என்பர். அம்மருந்தே அளவின் மிகுமாயின் நஞ்சாகும், குறையுமாயின் பயனற்றொழியும். இவ்வுண்மை நம் முன்னோர் அறியாததன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும் அதன்கண் மூலிகைகளின் பெயரை அடுக்கினாரல்லர். அளவறிந்து உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்தினார். அவ்வதிகாரத்தின் இறுதியில், வைத்தியமென்பது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்போன் ஆகிய நான்கு உறுப்புக்களை உடையதென்று கூறி முடித்தார். மருந்து எத்துணைச் சிறந்ததாயினும் ஏனை மூன்றும் இயையாவிடத்து அது பலிக்கமாட்டாதென்பது இதனாற் பெறப்படும்.

இந்நாளில் புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் முறையில் ஒரு புதிய ஆராய்ச்சி பல தேசங்களிலும் நடைபெற்று வருகின்றது. மருந்தை இரத்தக் குழாயின் வழியே உடலெங்கும் பாய்ச்சாது, நீர் நிறைந்த மெல்லிய களியொன்றிற் பொதிந்து, நோயுள்ள இடத்திலேயே வைத்து, நாளுக்கு இவ்வளவென்று சிறிது சிறிதாகக் கசியவிடும் முறை அது. அக்களியை ஆங்கில நூலார் ஹைட்ரோஜெல் என்பர். நாம் நீர்க்களி என்போம். இவ்வாராய்ச்சியைப் பற்றி நம் கல்லூரி மாணவர் கொள்ளத்தக்க கருத்து யாதென்பதை, யான் பிறந்த ஊராகிய பெரணமல்லூரை முன்வைத்துக் கூறத் துணிந்தேன். ‘பெரிய ஆராய்ச்சிச் சாலைகளுக்கும் அச்சிற்றூருக்கும் யாது தொடர்பு?’ என்று நேயர்கள் வினவுதல் கூடும். தொடர்பு இரண்டு உண்டு: ஒன்று பட்டு, மற்றொன்று பேருந்து. இவ்விரண்டையும் முறையே விளக்குவேன்.

ஆரணிக்கு அண்மையில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், பெரணமல்லூர் உளது. முன்னாளில் இது வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆரணிப் பட்டு என்று சந்தையிற் பெயர்பெற்ற சேலைகள் ஆரணி நகரில் மட்டுமன்றி, அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நெய்யப்படுவனவாம். எம் தெருக்களில் விடியற்காலையிற் கேட்கும் முதல் ஒலி தறியின் ஒலியே. ஒரு சேலை ஒருவரால் முடிவதன்று. பாவு ஓடுதல், தார் சுற்றுதல், இழை பிணைத்தல் முதலிய வேலைகளை வீட்டிலுள்ள பெண்டிரும் முதியோரும் செய்வர். கரை வேறு, உடல் வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்குத் தறியருகே மற்றுமொருவர் கை வேண்டும். ஆதலால் ஒரு வீட்டில் ஒருவர் நோயுற்றால் நிற்பது ஒருவர் வேலையன்று, தறியே நின்றுவிடும்.

எம் தெருவில் நெசவாளர் ஒருவரின் மனைவியார் இருந்தார். யாங்கள் சிறுவராயிருந்த காலமுதல் அவரை ‘அக்கா’ என்றே அழைத்து வந்தோம். அவர் மார்பில் ஒரு சிறு கட்டி கண்டது. வலியில்லை, ஆதலின் அச்சமும் இல்லை. திருமணத்திற்குரிய சேலையொன்று அப்பொழுது தறியில் இருந்தது. அதனை அறுத்துக் கொடுத்தபின் பார்த்துக்கொள்ளலாமென்று இருந்துவிட்டார். அதன்பின் வேறொரு சேலை. அதன்பின் மகளின் பள்ளிச் சம்பளம். ஓராண்டு கழித்தே ஒரு பெரிய மருத்துவமனையை அடைந்தார். அங்கே அவரைப் பரிவுடன் கவனித்தனர் என்பதை யான் நன்கறிவேன். மருந்தை 21 நாட்களுக்கு ஒருமுறையாக எட்டு முறை ஏற்றவேண்டுமென்றனர். முதற் பேருந்திற் கணவரும் மனைவியும் செல்வர், இரவில் மீளுவர். அதன்பின் ஒருவாரம் வாந்தியும் சோர்வும். மூன்று முறை சென்றார். நான்காம் முறை செல்லவில்லை.

யான் விடுமுறைக்குச் சென்றிருந்தபோது ஏனென்று கேட்டேன். “அந்தச் சிவப்பு மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தால் ஒரு வாரம் எழுந்திருக்க முடியவில்லை, தம்பி. இவரும் என்னோடு வந்துவிடுகிறார். தறி சும்மா கிடக்கிறது. வாங்கின கடன் சும்மா கிடக்குமா?” என்றார். அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் அவர் காலமானார். மருந்து நல்ல மருந்தே, மருத்துவரும் நல்லவரே. வள்ளுவர் எண்ணிய நான்கு உறுப்புக்களுள் நான்காவது உறுப்பினால் நடக்க முடியவில்லை. அன்றுமுதல் புற்றுநோய் ஆராய்ச்சியைப் பற்றிய செய்தி எதனைப் படிப்பினும், ‘இஃது அக்காவுக்கு எத்தனை பேருந்துப் பயணத்தைக் குறைத்திருக்கும்?’ என்ற வினாவே என் உள்ளத்தில் முதலில் எழுகின்றது. இது படித்தோர்க்குத் தகாத சிறிய வினாவாகத் தோன்றலாம். அன்றென்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், அச்சிவப்பு மருந்தின் இயல்பைக் காண்போம். அதன் பெயர் டாக்ஸோருபிஸின். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து இத்தாலிய ஆராய்ச்சியாளர் 1960-களில் இதனைக் கண்டெடுத்தனர். விரைந்து பிரிந்து பெருகும் உயிரணுக்களை இது தாக்கும். புற்றணுக்கள் அவ்வாறு பெருகுவனவே. ஆனால் மயிர்க்காலிலும், குடலின் உட்புறத்திலும், எலும்பின் உள்ளீட்டிலும் உள்ள நல்ல அணுக்களும் விரைந்து பெருகுவனவாதலின், மருந்து அவற்றையும் விடுவதில்லை. மயிர் உதிர்தலும், வாந்தியும், இரத்தக் குறைவும் இதனால் நேர்வன. இவற்றினும் கொடிது, இம்மருந்து இதயத்தின் தசையைக் கெடுக்கும் என்பது. ஆதலின் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதிலும் இத்துணையளவுக்கு மேல் இதனைப் பெறலாகாதென்று மருத்துவர் வரையறை செய்துள்ளனர். இரத்தத்திற் செலுத்திய மருந்தில் மிகச் சிறுபங்கே கட்டியை அடைகின்றது. எஞ்சியது உடலெங்கும் திரிந்து தீங்கு செய்கின்றது. ஒரு செடிக்கு நீர் வார்ப்பதற்காக ஊர் முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்துவது போன்றதாகும் இச்செயல். நம் நாட்டுக் குடியானவரோ, கோடைக்காலத்தில் மண்பானையின் அடியிற் சிறு துளையிட்டுத் திரியைச் செருகிச் செடியின் வேரருகே புதைத்து, நாள் முழுதும் துளித்துளியாக நீர் கசியச் செய்வர். நீர்க்களி அம்மண்பானையை ஒத்தது.

நீர்க்களி நமக்குப் புதிய பொருளன்று. பாதாம் பிசினை இரவில் நீரிலிட்டு வைத்தால் காலையில் அது கரைந்துவிடுவதில்லை. பன்மடங்கு பருத்து, பளிங்குபோல் நிற்கும். திருநீற்றுப் பச்சிலை விதையும் அவ்வாறே தன்னைச் சுற்றிக் களியைத் திரட்டிக்கொள்ளும். காரணம் யாதெனின், இவற்றில் மிக நீண்ட அணுத்தொடர்கள் ஒன்றோடொன்று பின்னி வலையாக அமைந்துள்ளன. வலையின் கண்களில் நீர் புகுந்து தங்குகின்றது. வலை அறாதவரையிற் களி கரைவதில்லை. அந்நீரில் மருந்தைச் சேர்த்தால் மருந்தும் வலைக்குள் தங்கும். பின் மெல்ல வெளிப்படும். நெருங்க நெய்த துணியில் நீர் மெல்லக் கசிவதையும், அகல நெய்த துணியில் விரைந்து ஒழுகுவதையும் எம்மூரார் அறிவர். அதுபோலவே வலையின் கண் சிறிதாயின் மருந்து வாரக்கணக்கிற் கசியும். பெரிதாயின் ஓரிரு நாளிற் போய்விடும். வலை உடலுக்குள் மெல்ல மெல்ல அழியுமாறு செய்யினும், அதன் அழிவுக்கேற்ப மருந்து வெளிவரும். மூன்றாவதொரு வழியும் உண்டு: சூடு, புளிப்பு முதலிய குறிப்பொன்றைக் கண்டவுடன் வலை நெகிழுமாறு அமைப்பது. புற்றுக்கட்டியின் சூழல் நல்ல சதையின் சூழலைவிடச் சிறிது புளிப்பு மிகுந்ததாகலின், இவ்வழி மிகவும் பயன்படுகின்றது.

களி எதுவாயினும் உடல் அதனைப் பகையாகக் கருதாதிருத்தல் இன்றியமையாதது. உடலுக்கு இசைந்த களியை மருத்துவத்திற்கென முதன்முதல் எண்ணிச் செய்தோருள் தலைசிறந்தவர் செக்கோஸ்லோவாக்கியா தேசத்து இரசாயன அறிஞர் ஓட்டோ விக்டர்லெ ஆவர். அவரும் டிராஹோஸ்லாவ் லிம் என்பாரும் 1960-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் இதுபற்றி எழுதினர். விக்டர்லெ அரசியற் காரணத்தாற் கல்விச்சாலைப் பதவியை இழந்தவர். 1961-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், தம் வீட்டு மேசையின்மேல், சிறுவர் விளையாடும் இரும்புத் துண்டுகளையும் மிதிவண்டியின் டைனமோவையும் கொண்டு ஒரு பொறி இயற்றி, கண்ணில் அணியும் மெல்லிய வில்லைகளை அதில் வார்த்தெடுத்தார். இன்று கோடிக்கணக்கானோர் அணியும் வில்லைகளுக்கு மூலம் அதுவே. கருவி இல்லையென்று சோர்ந்திருக்கும் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.

கண்ணுக்கு உதவிய அக்களியின் இனமே பின்னர்ப் புற்றுநோய்க்கும் உதவிற்று. ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் சுரப்பியின் புற்றுக்கு உரிய மருந்தொன்றை அக்களியாலாகிய சிறு குழலில் அடைத்து, தோலின் அடியில் வைத்தால் ஓராண்டுக் காலம் அது நாடோறும் சிறிது சிறிதாக மருந்து கசிந்தது. அமெரிக்க அரசாங்கத்தார் இதனை 2004-ஆம் ஆண்டில் ஏற்றனர். அக்குழல் இப்பொழுது விற்பனையில் இல்லையேனும், ஒரு வைப்பு ஓராண்டு உழைக்கும் என்பதை அது மெய்ப்பித்தது. 2020-ஆம் ஆண்டில் மற்றொரு களியும் அந்நாட்டில் ஏற்கப்பட்டது. குளிர்ந்த நிலையில் நீராயும், உடற்சூட்டில் களியாயும் மாறுவது அதன் தன்மை. சிறுநீரகத்தின் உட்குழியில் தோன்றும் தீவிரம் குறைந்த ஒருவகைப் புற்றுக்கு மைட்டோமைஸின் என்னும் மருந்தை அங்கே செலுத்தினால், சிறுநீர் அதனைச் சில நிமிடங்களில் அடித்துக்கொண்டு போய்விடும். களியிற் கலந்து செலுத்தினாலோ, அது உள்ளே உறைந்து நின்று சில மணிநேரம் மருந்தைக் கொடுத்துக் கரையும். 71 பேரிடம் செய்த சோதனையில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேருக்குக் கட்டி முற்றும் மறைந்தது. அவருட் பலருக்குச் சிறுநீர்க்குழாய் சுருங்கும் தொல்லை நேர்ந்தது என்பதையும் மறையாது கூறவேண்டும். 2025-ஆம் ஆண்டில் சிறுநீர்ப்பையின் புற்றொன்றுக்கும் இதே வகைக் களி ஏற்கப்பட்டது. ஆகவே இம்முறை வெறுங் கனவன்று. எல்லா நோயையும் தீர்க்கும் அற்புதமும் அன்று.

இனி, பட்டின் தொடர்பைக் கூறுவேன். பட்டுப்புழு உமிழும் நூலில் இரண்டு புரதங்கள் உள்ளன. உள்ளே நிற்கும் இழை பைப்ராயின். அதனைச் சூழ்ந்து ஒட்டும் பசை செரிஸின். நூலின் நிறையில் ஏறக்குறையக் கால்பங்கு இப்பசையே. சாயமிடுமுன் எம்மூரார் பட்டைச் சோப்பும் சோடா உப்பும் இட்ட கொதிநீரில் அவிப்பர். பசை நீங்கும், நிறை குறையும், பட்டு மென்மையும் ஒளியும் பெறும். ஆராய்ச்சிச் சாலையில் மருத்துவத்திற்குப் பட்டைப் பக்குவம் செய்வோரின் முதற் செயலும் இதுவே. அவர்களும் பட்டைச் சோடா உப்பு நீரிற் கொதிக்கவைத்துப் பசையை நீக்குகின்றனர். நோக்கம் மட்டும் வேறு. நெசவாளர் நாடுவது ஒளியை. அவர்கள் நாடுவது இசைவை. பசை ஒட்டிய பட்டை உடல் வெறுப்பதுண்டு. பசை நீங்கிய பட்டையோ பெரிதும் பொறுத்துக்கொள்ளும். அறுவை வைத்தியர் நெடுங்காலமாகப் பட்டு நூலால் புண்ணைத் தைத்து வருவது நாம் அறிந்ததே.

பசை நீங்கிய இழையை லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் செறிந்த கரைசலில் இட்டால் அது கரைந்துவிடும். அவ்வுப்பை நீரால் மெல்லப் பிரித்துவிட்டால், புழுவின் வயிற்றில் இருந்தது போன்ற பட்டு நீர் நமக்குக் கிட்டும். அதனை மிக நுண்ணிய ஒலியலைகளால் அதிர்வித்தாலோ, புளிப்பூட்டினாலோ, அதன் அணுத்தொடர்கள் அடுக்கடுக்காய் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு களியாக உறையும். வேறு நச்சுப்பொருள் சேர்த்து அதனைப் பிணிக்க வேண்டுவதில்லை என்பதே பட்டுக்களியின் சிறப்பு. அமெரிக்காவில் டப்ட்ஸ் பல்கலைக்கழகத்து டேவிட் காப்லன் குழுவினர், எம் அக்கா அஞ்சிய அதே செம்மருந்தைப் பட்டுக்களியிற் பொதிந்து, மார்புப்புற்றுக் கண்ட எலிகளில் கட்டியினருகே செலுத்தினர். அதே அளவு மருந்தை இரத்தத்திற் செலுத்தியதைவிட இது கட்டியை நன்கு அடக்கிற்றென்றும், வைத்த இடத்திற்குத் தீங்கு செய்யவில்லையென்றும் 2013-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

நம் நாட்டாரும் இதிற் பின்தங்கினாரல்லர். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சுபாஸ் குண்டு முதலியோர், பட்டுப் புரதத்தையும் மற்றொரு செயற்கைப் பொருளையும் கலந்து மருந்து கசியும் களிகளைச் செய்து 2009-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினர். குவாஹாட்டி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் கொல்கத்தா போஸ் நிறுவனத்தாரும் கூடி, மிகச் சிறிய புரதத் துணுக்குகளாலாகிய ஊசிக்களியொன்றை இயற்றி, 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் விவரங்களை வெளியிட்டனர். புற்றணுக்களில் மிக்கிருக்கும் குளூட்டாதயோன் என்னும் பொருளைக் கண்டால் அக்களி நெகிழ்ந்து மருந்தை விடும். மார்புப்புற்றுள்ள எலிகளுக்கு இச்செம்மருந்து சேர்த்த களியை ஒரே ஒருமுறை செலுத்தியதில், 18 நாட்களிற் கட்டி ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சுருங்கியது. ‘ஒரே ஒருமுறை’ என்ற சொற்களைப் படித்தபொழுது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் யான் வாளா இருந்தேன்.

இனி என் கருத்திற்கு வருவேன். இந்நீர்க்களிகளின் பெருமையை ஆராய்ச்சியாளர் இரண்டு அளவுகோல்களால் அளக்கின்றனர்: கட்டி எவ்வளவு சுருங்கிற்று, உடலுக்குத் தீங்கு எவ்வளவு குறைந்தது. இவை இரண்டும் வேண்டியனவே. ஆனால் நம் நாட்டுக்கு மூன்றாவது அளவுகோல் ஒன்று இன்றியமையாதது: நோயாளியும் துணைவரும் மருத்துவமனைக்கு நடக்கும் நாட்கள் எத்தனை குறைந்தன? 2022-ஆம் ஆண்டில் இந்தியாவிற் புதிதாகப் புற்றுநோய் கண்டோர் ஏறக்குறைய 14 இலட்சத்து 60 ஆயிரம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டுத் திட்டத்தார் மதிப்பிட்டனர். இவருள் எத்துணையோ பேர் நாட்கூலியால் வாழ்வோர். அவர்க்கு மருந்தின் விலை மருந்துக் கடையில் எழுதிய விலை மட்டுமன்று. நின்ற தறியின் விலையும் அதனோடு சேர்ந்ததே. அரசாங்கக் காப்பீடு மருந்துக்குப் பணம் கொடுக்கலாம். நின்ற தறிக்குக் கொடுப்பதில்லை. எட்டுப் பயணத்தை இரண்டாக்கும் களியொன்று, கட்டியைப் பழைய மருந்தளவே சுருக்குமாயினும், பெரணமல்லூரில் அது மேலான மருந்தேயாகும். பயணம் குறைந்தவிடத்துச் சிகிச்சையை இடையில் விடுவோர் குறைவர், விடாதவரே பிழைப்பர். ஆதலால் நாட்கணக்கு என்பது வசதியைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவதை யான் அறிவேன். ‘நோயை முன்னதாகக் கண்டறியும் வசதியே சிற்றூர்களிற் போதாதபோது, இத்தகைய நுண்ணிய ஆராய்ச்சி ஏழை நாட்டுக்கு எற்றுக்கு? அப்பணத்தைச் சோதனை முகாம்களிற் செலவிடலாகாதோ?’ என்பர். இவ்வாதத்தில் உண்மை பெரிதும் உண்டு. அக்காவின் கட்டியை ஓராண்டு முன்னரே ஒருவர் கண்டிருப்பின், எந்தக் களியும் வேண்டாமலே அவர் இன்று இருந்திருக்கலாம். களி ஒன்றே அவரைக் காத்திருக்குமென்று யான் ஒருகாலும் சொல்லேன். ஆயினும் ஒன்று கருதுக. கட்டியினருகே வைக்கும் களி, நோய் ஓரிடத்தில் நிற்கும்போதே முழுப்பயன் தரும்; உடலெங்கும் பரவியபின் அதன் வல்லமை சிறிதே. ஆகவே முன்னறிதலும் நீர்க்களியும் ஒன்றையொன்று பகைப்பனவல்ல. முன்னறியாத ஊரிற் களி பயன்படாது. முன்னறிந்தும் பாதியிற் சிகிச்சையை விடும் ஊரில் முன்னறிதல் பயன்படாது. பாவின்றி ஊடையில்லை, ஊடையின்றிப் பாவும் துணியாகாது.

வேறு சிலரோ இதற்கு நேர்மாறாக, ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டாயிற்று’ என்று ஒவ்வோர் எலிச் சோதனையையும் பறையறைவர். இதுவும் தீங்கே. எலியிற் பலித்தன பல மனிதரிடத்துப் பலிக்கவில்லை. எலியின் கட்டி சில வாரங்களில் வளர்க்கப்பட்டது. மனிதரின் கட்டியோ ஆண்டுக்கணக்கில் வளர்ந்து பலவாறாகத் திரிந்தது. எலிக்கு ஒரு துளி களி போதும். மனித உடலுக்கு எத்துணை வேண்டும், அது எவ்வாறு அழியும், அழிந்தபின் எங்கே செல்லும் என்பனவெல்லாம் பொறுமையோடு காணவேண்டியவை. பட்டுக்களிகளுள் புற்றுநோய்க்கென மனிதரிடத்து ஏற்கப்பட்டது இன்னும் ஒன்றுமில்லை. நோயுற்றார் துன்பத்தில் இருப்பவர். பொய்ந்நம்பிக்கையை விலைகொடுத்தும் வாங்குவர். கையிலுள்ள சிகிச்சையை விட்டுவிட்டு, வரவிருக்கும் களிக்காகக் காத்திருப்போமென்று ஒருவரேனும் எண்ணுவாராயின், அவ்வாறு எண்ணச் செய்தவர் பெரும்பிழை செய்தவராவர். நெசவாளரிடத்தும் வீண் ஆசை மூட்டலாகாது. மருந்துக்கு வேண்டும் பட்டு மிகச் சிறிது. அதனால் ஊர் செல்வம் கொழிக்குமென்று யாரும் கனவு காணற்க. ஊருக்கு வேண்டுவது பட்டின் விலையன்று; மருந்தின் வரவே.

இத்தகைய முயற்சிக்குத் தமிழ்நாடு தகுதியற்ற நிலமன்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் பல்லாண்டு உழைத்து, 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். டாக்டர் சாந்தா அம்மையார் 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை தம் வாழ்நாளை அதற்கே ஈந்தார். பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சீபுரத்தின் காரப்பேட்டையில், அறிஞர் அண்ணாதுரை அவர்களின் பெயரால் 1969-ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகின்றது. அண்ணாதுரை அவர்கள் தாமும் இந்நோயினாலேயே அவ்வாண்டில் உயிர் நீத்தவர். எமக்கு அண்மையில், ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய பணி, இன்று வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக ஓங்கி நிற்கின்றது. அவ்வம்மையார் நோயாளி வரட்டுமென்று வாயிலிற் காத்திராது, வழியோர மரநிழல்களுக்குத் தாமே மருந்தை எடுத்துச் சென்றவர். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டமும், நீரிழிவு, இரத்தக்கொதிப்பு முதலியவற்றிற்கு மருந்தை வீட்டு வாயிலிலேயே கொடுக்கின்றது. மருந்து மனிதரை நாடிச் செல்லவேண்டும் என்னும் இக்கொள்கையைப் புற்றுநோய்க்கும் விரிப்பதற்கு, மெல்லக் கசியும் களியைப்போல் ஏற்ற கருவி வேறில்லை.

ஆகவே ஆராய்ச்சி செய்வோர்க்கும், அதற்குப் பொருளுதவி செய்வோர்க்கும் யான் பணிவோடு கூறுவன மூன்று. முதலாவது, களியொன்றை மனிதரிடத்துச் சோதிக்கும்போது, கட்டியின் அளவையும் இரத்தத்தின் நிலையையும் குறிப்பதுபோலவே, நோயாளியும் உடன்வந்தாரும் இழந்த வேலை நாட்களையும் குறிக்கவேண்டும். இரண்டாவது, பெருநகரத்து நோயாளிகளோடு நில்லாது, பெரணமல்லூர் போன்ற ஊரிலிருந்து வருவோரையும் சோதனையிற் சேர்க்கவேண்டும். அவர்களுக்கு விளங்கும் தமிழில் நன்மை தீமை இரண்டையும் கூறி, உளமார்ந்த இசைவு பெற்றபின்னரே சேர்க்கவேண்டும். மூன்றாவது, பிறநாட்டிற் செய்த களியைப் பெரும் விலைக்கு வாங்கும் நிலையில் நாம் நிற்றலாகாது. உலகில் மிகுதியாகப் பட்டு விளைக்கும் நாடுகளுள் சீனத்திற்கு அடுத்தது நம் நாடே. அவிக்கும் கலையும் நம்மிடம் உண்டு. கரைக்கும் கலையை நம் ஆராய்ச்சிச் சாலைகள் கற்றுவிட்டன. எஞ்சியது இரண்டையும் இணைக்கும் மனமே.

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் இரசாயனம் பயில்கின்றீர். சிலர் உயிர்நூல் பயில்கின்றீர். பலர் விடுமுறைக்கு எம்மூர் போன்ற ஊர்களுக்கே திரும்புகின்றீர். ஆராய்ச்சிக்குச் செல்வோர், ஒரு நாள் உங்கள் மேசையின்மேல் களியொன்று உறைந்து நிற்கும்போது, அஃது எந்த ஊரில் எவர் வீட்டில் நின்றுபோன தறியை ஓடச்செய்யும் என்று எண்ணிப் பார்ப்பீராக. ஆராய்ச்சிக்குச் செல்லாதோர்க்கும் கடமை உண்டு. வலியில்லாத கட்டியும் அஞ்சத்தக்கது என்பதை உங்கள் தாயாரிடமும் தமக்கையரிடமும் தெருவாரிடமும் நாணாது எடுத்துச் சொல்லுங்கள். ‘சேலையை அறுத்துக் கொடுத்தபின் பார்க்கலாம்’ என்பாரைக் கண்டால், அன்றே அழைத்துக்கொண்டு செல்லுங்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டாரைக் கண்டால் ஏனென்று கேளுங்கள்; அவர் கூறும் காரணத்தை இகழாது, இயலுமாயின் ஒரு நாள் நீங்களே உடன் செல்லுங்கள். வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பாக நிற்பதற்குப் பட்டம் வேண்டுவதில்லை.

புழு தன்னைக் காக்க நூற்ற நூலை மனிதன் தன் அழகுக்காகக் கொண்டான். அந்நூலை அவித்தும் தோய்த்தும் நெய்தும் வந்த கைகள், பிறர் மணநாளை அழகு செய்து, தம் நோய்நாளில் தனித்து நின்றன. அதே நூல் அக்கைகளுக்கு மருந்தாய்த் திரும்பும் நாள் வருமாயின், அது கைம்மாறேயன்றிக் கொடையாகாது. இறைவன் திருவருளாலும் நம் இளைஞர் முயற்சியாலும் அந்நாள் விரைந்து வருவதாக.

— பழைய மாணவன்